வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை

2022 பிப்ரவரி. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் பிரசாரம் முடிய மூன்று நான்கு நாள்களே இருந்தன. தமிழ்நாட்டில் அந்த முறை 21 மாநகராட்சிகளுக்குத் தேர்தல். எங்கள் ஊரும் அதில் ஒன்று. மேளமும் துண்டறிக்கையுமாகத் தெருவுக்குள் வந்த வேட்பாளர், வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மாவுக்கு அப்போது 74 வயது. துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு, "தம்பி, காலையில நம்ம பக்கம் இன்னும் ரெண்டு பஸ் விடச் சொல்லுவியா? ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோக்காரருக்குக் குடுத்து மாளல" என்று கேட்டார். அவர் மழுப்பவில்லை. "பஸ்ஸு நம்ம கையில இல்லம்மா. அது கவர்மென்ட்டு பாத்துக்கறது. தண்ணி, லைட்டு, குப்பை, கால்வா, இதுல எதுன்னாலும் சொல்லுங்க, முடிச்சுத் தரேன்" என்றார்.

நாணயமான பதில்தான். ஆனால் பாதிப் பதில். பஸ் அவர் கையில் இல்லை. பஸ் ஏறப் போகும் வழி அவர் கையில் இருந்தது. எங்கள் வாசலிலிருந்து நிறுத்தம் அறுநூறு மீட்டர் இருக்கும். முதல் இருபது வீடுகளுக்கு நடைபாதை கிடையாது. பிறகு முக்கால் முழ உயரத்தில் ஒன்று தொடங்கும். அம்மாவால் அதில் கால் தூக்கி வைக்க முடியாது. ஏறினாலும் பத்தடிக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டின் கார் சரிவுக்காகவும் இறங்கி ஏற வேண்டும். நடுவில் ஒரு மின்பெட்டி. அப்புறம் வரிசையாக இரண்டு சக்கர வண்டிகள். அதனால் அம்மா தெருவிலேயே, லாரியும் ஷேர் ஆட்டோவும் உரசிப் போகும் ஓரத்தில் நடப்பார். அந்த அறுநூறு மீட்டர்தான் பல நாள் அவரை ஆட்டோவில் ஏற்றியது. பஸ் குறைவு என்பது இரண்டாவது காரணம்.

மாநகராட்சித் தேர்தலில் போக்குவரத்து எப்படி ஒரு கேள்வியாக வேண்டும், ஏன் ஆகாமல் போகிறது என்பதைப் பற்றிய கட்டுரை இது. எங்கள் ஊரை விட்டுவிட்டு, பதிவுகள் நிறைய உள்ள சென்னையை எடுத்துக்கொள்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க மும்பை, லண்டன், பொகோட்டா, பாரீஸ் ஆகிய நகரங்களுக்கும் போய் வர வேண்டியிருக்கிறது.

சென்னையில் ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பி வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை துறைகளின் எல்லையைத் தாண்டுகிறார் என்று எண்ணிப் பார்க்கலாம். அவர் ஏறும் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. அது மாநிலப் போக்குவரத்துத் துறைக்குக் கட்டுப்பட்டது. புறநகர் மின்சார ரயில் தெற்கு ரயில்வேயுடையது. மெட்ரோ, மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதி பங்கு வைத்திருக்கும் நிறுவனம். சிக்னல் போக்குவரத்துக் காவல்துறை கையில். அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் இணையக் கம்பிக்கும் தோண்டுகிறவர்கள் தனித்தனி. இவ்வளவும் போக மாநகராட்சியிடம் இருப்பது ஏறத்தாழ 387 கிலோமீட்டர் பேருந்துத் தடச் சாலைகள், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட உட்புறச் சாலைகள், அவற்றின் நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பயணியர் நிழற்குடை, வண்டி நிறுத்தும் இடம்.

இந்தப் பிரிவினைக்குச் சட்டத்திலேயே வேர் இருக்கிறது. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. சாலைகளும் பாலங்களும் அதில் இருக்கின்றன. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவை சேர்ந்து ஒரே வரியில் இருக்கின்றன. பேருந்து நிறுத்தம் உண்டு. அந்த நிறுத்தத்துக்கு வரும் பேருந்து பட்டியலில் இல்லை. வேட்பாளர் அம்மாவிடம் சொன்னது அந்த அட்டவணையின் பேச்சு வழக்கு வடிவம்தான்.

பேருந்து ஏன் மாநகராட்சியிடம் இல்லை? இந்தியாவின் எல்லா நகரங்களிலும் அப்படி இல்லை என்பதால் கேட்க வேண்டிய கேள்வி இது. 1947ஐச் சுற்றி மூன்று நகரங்கள் மூன்று முடிவு எடுத்தன. மும்பையில் டிராமும் பேருந்தும் மின்சாரமும் நடத்திவந்த தனியார் நிறுவனத்தை மாநகராட்சியே 1947 ஆகஸ்டில் எடுத்துக்கொண்டது; அதுதான் இன்றும் 'பெஸ்ட்'. அகமதாபாத்தில் அதே ஆண்டு மாநகராட்சி தன் பேருந்து நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையிலோ அன்றைய மாகாண அரசே நகரப் பேருந்துகளை நாட்டுடைமையாக்கித் தன் துறையின் கீழ் கொண்டுவந்தது. டிராம் தனியார் கையிலேயே இருந்து நொடித்து, 1953 ஏப்ரலில் நின்றது. 1972 ஜனவரி 1இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தபோதும் அது மாநில அரசின் கழகம்தான். அடுத்த ஆண்டே, 1973இல், சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடக்க 1996 ஆயிற்று. இருபத்து மூன்று ஆண்டுகள். நகரம் பேருந்திலிருந்து ஸ்கூட்டருக்கு மாறிய அந்தக் காலத்தில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை. பஸ்ஸைப் பற்றிக் கவுன்சிலரிடம் கேட்கும் பழக்கமே சென்னைக்காரர்களுக்கு இல்லாமல் போனதில் வியப்பில்லை.

மும்பையில் அந்தப் பழக்கம் இருந்தது. பெஸ்ட் குழுவில் மாநகராட்சி உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். கட்டணம், தடம், புதுப் பேருந்து எல்லாம் அங்கே பேசப்பட்டன. 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு இறக்க முடிந்தது. பயணிகள் திரும்பி வந்தார்கள். நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி பின்னால் நின்றதால் அது நடந்தது. ஆனாலும் பெஸ்ட் இன்று செழித்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. சொந்தப் பேருந்துகள் வயதாகி ஓய, வாடகைப் பேருந்துகள் அந்த இடத்தை நிரப்பின. 2025இல் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயானது. அப்படி ஆனபோது மும்பையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கணக்கில் நிர்வாக அதிகாரியே நடத்தினார். பேருந்தை மாநகராட்சிக்குக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மன்றமே இல்லாத ஆண்டுகளில் பேருந்து யாருடைய பெயரில் இருந்தாலும் பயணிக்கு ஒன்றுதான்.

உள்ளாட்சித் தேர்தலில் கட்டணத்தை முன்வைத்து வென்ற புகழ்பெற்ற கதை லண்டனுடையது. 1981 மே மாதம் பெருநகர லண்டன் மன்றத் தேர்தலில் தொழிற்கட்சி, பேருந்து, பாதாள ரயில் கட்டணத்தைக் கால் பங்கு குறைப்போம் என்று வாக்குறுதி தந்து வென்றது. கென் லிவிங்ஸ்டன் மன்றத் தலைவரானார். அக்டோபரில் கட்டணம் குறைந்தது. அதற்கான பணம் வீட்டு வரியோடு கூடுதலாக வசூலிக்கப்பட்டது. பாதாள ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லாத பிரோம்லி என்ற பகுதியின் மன்றம், எங்களுக்குப் பாதாள ரயிலே வராதபோது நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் போனது. வழக்கு பிரபுக்கள் அவை வரை சென்றது. போக்குவரத்தைச் சிக்கனமாக நடத்தச் சொல்லும் சட்டத்துக்கு இது முரண் என்று டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 1982 மார்ச்சில் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பானது. மன்றம் விடவில்லை. சட்டத்துக்குள் நிற்கும்படி கணக்கை மாற்றி எழுதி 1983இல் மீண்டும் கட்டணத்தைக் குறைத்து, பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே பயண அட்டையையும் கொண்டுவந்தது. 1986இல் மத்திய அரசு அந்த மன்றத்தையே ஒழித்துவிட்டது. பயண அட்டை பிழைத்துக்கொண்டது.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது பிரோம்லியின் கேள்விதான். அது சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. வரி கட்டுகிறவர், பயன் பெறுகிறவர், முடிவெடுக்கிறவர் மூவரும் ஒரே எல்லைக்குள் இருந்தால்தான் உள்ளாட்சி வாக்குறுதி நிற்கும். சென்னையில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இன்று பலரும் பிங்க் பஸ் என்று சொல்லும் அந்தத் திட்டம், சென்னையின் அன்றாடப் பயணத்தைச் சமீபத்தில் அதிகம் மாற்றிய முடிவு என்பேன். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களின் மாதக் கணக்கில் அது நேரடியாகத் தெரிகிறது. அது சட்டமன்றத் தேர்தலில் எடுத்த முடிவு. அதன் செலவை மாநில அரசு கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. சொத்து வரியையும் தொழில் வரியையும் நம்பி நடக்கும் மாநகராட்சியால் அதைச் செய்திருக்கவே முடியாது. வாகன வரியும் மாநிலத்துக்கே போகிறது. ஆகையால் பேருந்துக் கட்டணம் சட்டமன்றத்தில் முடிவாவதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறு இடத்தில். மாநில அளவில் முடிவெடுக்கும்போது நகரத்தின் சின்னச் சின்ன இடங்கள் கண்ணில் படுவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் வண்டலூர் அருகே கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டன. முனையம் பெரியது, வசதியானது. பக்கத்திலேயே ரயில் பாதை ஓடியும், திறந்தபோது அங்கே இறங்க ரயில் நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து விடிகாலையில் மூட்டையோடு வந்து இறங்கிய குடும்பம், திருவொற்றியூர் போக என்ன செய்யும் என்ற கேள்வி திறப்பு விழாவுக்குப் பிறகுதான் பெரிதாகக் கேட்கப்பட்டது. இடம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. ஆனால் இறங்கி மாறுகிறவர்களில் பலர் மாநகராட்சி வாக்காளர்கள். அவர்களுடைய 200 கவுன்சிலர்களில் ஒருவருக்கும் அந்த முடிவில் பொறுப்பு இல்லை.

இனி மாநகராட்சியின் கையில் உள்ளதற்கு வருகிறேன். கட்டுரையின் கனம் இங்கேதான் இருக்கிறது.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. அந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 2014இல் ஓர் அரிய காரியம் செய்தது. மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. இந்திய மாநகராட்சிகளில் அப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்றது சென்னைதான். நடப்பவர், சைக்கிளில் போகிறவர் ஆகியோருக்கே தெருவில் முதல் உரிமை. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 விழுக்காடு அவர்களுக்கு. 2018க்குள் பெரும்பான்மைச் சாலைகளுக்கு ஒழுங்கான நடைபாதை. எழுதியவர்கள் ஆசையில் எழுதவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வே, சென்னையின் பயணங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நடையும் சைக்கிளும் என்று காட்டியிருந்தது. பேருந்தில் போகிறவரும் இருமுனையிலும் நடக்கத்தான் வேண்டும்.

கொள்கை ஏற்ற மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022இல்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தேகால் ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில்தான் ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் தி.நகர் பாண்டி பஜாரின் தியாகராய சாலை மாற்றப்பட்டது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அந்த நடைபாதை வளாகத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மர நிழலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாயையும், சக்கர நாற்காலியில் கடை கடையாகப் பார்த்துப் போகும் பெரியவரையும் அங்கே பார்க்கலாம். ஆனால் அதைக் கட்டியபோது தி.நகருக்குக் கவுன்சிலர் இல்லை. இந்தச் சாலை ஏன், வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு சாலை ஏன் இல்லை என்று கேட்க அந்தப் பகுதிகளுக்கும் ஆள் இல்லை. வாக்கு இல்லாத காலத்தில் செய்த வேலை நல்லதாகவும் அமையலாம், அமைந்தது. ஆனால் அப்படி அமைந்த நன்மை ஒரே தெருவோடு நின்றுவிடுகிறது. அடுத்த வார்டுக்காரர் அதைத் தனக்கும் கேட்டு வாங்க வழியில்லை.

வேறு நகரங்களில் நடைபாதை தேர்தல் பேச்சாக இருந்திருக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1998இல் மேயரான என்ரிக்கே பெனலோசா, நடைபாதையில் கார் நிறுத்துவதைத் தடுக்கக் கம்பங்கள் நட்டார். கடைக்காரர்கள் கொதித்து, அவரைப் பதவியிலிருந்து இறக்கவே முயன்றார்கள். மூன்றே ஆண்டுப் பதவிக்காலம். அதன் கடைசி நாள்களில், 2000 டிசம்பரில், தனிப்பாதையில் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பேருந்துகளைத் தொடங்கிவிட்டுத்தான் இறங்கினார். பாரீஸில் இன்னொரு வழி. வாடகை மின்-ஸ்கூட்டர் வேண்டுமா என்று 2023இல், கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று 2024இல், மேலும் 500 தெருக்களை நடப்பவர்களுக்கு ஒதுக்கலாமா என்று 2025இல், மூன்று முறை நகரவாசிகளிடம் நேரடியாக வாக்குக் கேட்டார்கள். மூன்றிலும் கார், ஸ்கூட்டர் பக்கம் தோற்றது. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் முறையே சுமார் 7, 6, 4 விழுக்காடு. இந்த எண்கள் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன. தெருவைப் பற்றிய கேள்வியைத் தனியாகப் பிரித்துக் கேட்டால், அதில் ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவர்களே வருகிறார்கள். பொதுத் தேர்தலோடு சேர்த்துக் கேட்பதுதான் முறை. லண்டனில் 2003 பிப்ரவரியில் மையப் பகுதிக்குள் வரும் கார்களுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் வந்தது. அதைக் கொண்டுவந்த மேயர், பழைய மன்றத் தலைவரான அதே லிவிங்ஸ்டன், 2004இல் அதே கட்டணத்தோடு வாக்காளர் முன் நின்று வென்றார். மேற்குப் பக்கம் அதை விரித்த பிறகு 2008இல் தோற்றார். அவருக்குப் பின் வந்தவர் அந்த விரிவை எடுத்துவிட்டார். மக்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் செய்ய வேண்டிய வேலை இது.

சென்னையில் 2022 பிப்ரவரி 19 அன்று வாக்களித்தவர்கள் சுமார் 43 விழுக்காடு. மாநிலம் முழுவதும் 60ஐத் தாண்டியது. முந்தைய நவம்பர் மழையில் தி.நகர் உட்பட நகரம் முழங்கால் நீரில் நின்றது வாக்காளர் மனதில் பச்சையாக இருந்தது. எல்லாக் கட்சிகளும் வடிகாலைப் பேசின. போக்குவரத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்று அப்போது எனக்கு வருத்தம். பிறகுதான் புரிந்தது, வடிகாலைப் பேசியவர்கள் அறியாமலே நடைபாதையையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைத் தெருக்களைக் குனிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பெரும்பாலான தெருக்களில் நடைபாதை என்று நாம் நடப்பது மழைநீர் வடிகாலின் தலைமேல் போட்ட கான்கிரீட் பலகை. வடிகாலின் அகலமே நடைபாதையின் அகலம். வடிகால் தெருமட்டத்திலிருந்து எவ்வளவு தூக்கிக் கட்டப்படுகிறதோ அவ்வளவு உயரம் ஏற வேண்டும். தூர்வாரும் குழிகளின் மூடி எங்கே வருகிறதோ அங்கே கால் இடறும். இந்திய சாலைக் குழுமத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடக்க வேண்டிய அளவு அது. தேர்தலுக்குப் பிறகு நகரெங்கும் கோடிக்கணக்கில் வடிகால் வேலை நடந்தது. ஒவ்வொரு வடிகாலும் அடுத்த முப்பது ஆண்டுக்கு அந்தத் தெருவில் யார் நடக்கலாம், யார் நடக்க முடியாது என்பதையும் தீர்மானித்தது. வரைபடத்தில் கொஞ்சம் கூடுதல் அகலம், மூலையில் ஒரு சரிவு, மின்கம்பத்தை ஓரமாக நகர்த்தும் செலவு ஆகியவற்றை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லும் கவுன்சிலர், தன் வார்டின் போக்குவரத்துக் கொள்கையை எழுதுகிறார்.

சாலை போடுவதும் இப்படித்தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பல தெருக்கள் வீட்டு வாசலுக்கு மேல் ஏறிவிட்டன. மழை வீட்டுக்குள் வருவதும், இருந்த நடைபாதை அமிழ்ந்து காணாமல் போவதும் இதனால்தான். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை அனுப்பினார். அது நடக்கிறதா என்று இரவு பத்து மணிக்குத் தெருவில் நின்று பார்க்கக்கூடியவர் கவுன்சிலர் ஒருவர்தான்.

வண்டி நிறுத்தம் இன்னும் கடினமான விஷயம். கவுன்சிலர்கள் இதைத் தொட அஞ்சுவது எனக்குப் புரிகிறது. சாலையோரத்தில் இலவசமாக ஒரு கார் நிற்கும் இடம் ஏறத்தாழ நூற்றிருபது சதுர அடி. அதே தெருவில் அந்த அளவு அறைக்கு என்ன வாடகை என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். உட்புறச் சாலைகளுக்குள் போகும் சிற்றுந்துகளை மாநில அரசு 2013இல் சென்னையில் தொடங்கியது. மெட்ரோ நிலையத்தையும் குடியிருப்பையும் இணைக்க அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. இருபுறமும் கார் நிற்கும் இருபதடித் தெருவில் அந்தச் சிற்றுந்து திரும்ப முடியாது. பேருந்தை விடுவது மாநிலம். அது நுழைய இடம் விடுவது மாநகராட்சி. நிறுத்தக் கட்டணத்தைச் சொல்லி வாக்குக் கேட்கிற கவுன்சிலர் தோற்றுப்போவார் என்பார்கள். வசூலாகிற பணம் அதே தெருவின் நடைபாதைக்கே போகும் என்று சொல்லிக் கேட்டுப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

நடைபாதைக் கடைகளைப் பற்றியும் சொல்லாமல் தாண்டக் கூடாது. நடக்க இடமில்லை என்று யார் புகார் செய்தாலும் முதலில் தள்ளுவண்டிக்காரர்தான் தூக்கப்படுகிறார். பக்கத்தில் நிற்கும் கார் அப்படியே நிற்கும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கி உரிமம் தரச் சொல்கிறது. மாலையில் பூக்காரம்மாவும் இட்லிக்கடையும் வெளிச்சமும் இருக்கிற நிறுத்தத்தில்தான் ஒரு பெண் தனியாக எட்டரை மணிப் பேருந்துக்கு அச்சமில்லாமல் காத்திருக்கிறாள். 1.8 மீட்டரை நடப்பவருக்கு விட்டு, மீதியில் கடைக்கு இடம் வரைவது முடியாத காரியமில்லை. அதற்கு அந்தத் தெருவைத் தெரிந்தவர் வேண்டும்.

இத்தனை துறைகளையும் மேலே இணைக்கும் பாலமும் ஒன்று இருக்கிறது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா, 2010இல் சட்டமானது. அதன் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடக்க 2022 நவம்பர் ஆயிற்று. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு என்ற ஏற்பாடு அதன் முயற்சியில் 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியாக வந்தது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இவ்வளவு பெரிய பணம் போகும் இடத்தில் ஒருங்கிணைப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகளாகிவிட்ட பிறகு, பேருந்தைச் சென்னை மாநகராட்சியிடம் மட்டும் கொடு என்று கேட்பதிலும் பொருளில்லை. ஆனால் கும்டாவில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் அமைச்சர்கள், செயலாளர்கள், துறைத் தலைவர்கள். வார்டில் ஒரு நிறுத்தத்தை நூறு மீட்டர் நகர்த்த வேண்டும் என்று மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டால், அது அங்கே போய்ச் சேரவும், இத்தனை நாளுக்குள் பதில் வரவும் சட்டத்தில் ஒரு வழி வேண்டும். மூன்று மாநகராட்சி மேயர்களுக்கும் அந்த அவையில் சொல் இருக்க வேண்டும். 2019இலிருந்து மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியானால் கவுன்சிலருக்குப் போடும் வாக்கு இன்னும் கனமாகிறது.

கீழே இணைக்கவும் ஒன்று வந்திருக்கிறது. 2022 ஜூனில் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் வார்டு குழுவும் பகுதி சபைகளும் அமைய வேண்டும். கிராம சபை போல நகரத்துக்கும் ஒரு சபை. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த முறை வாசலுக்கு வருகிறவரிடம் கேட்க என்னிடம் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. உங்கள் வார்டில் நடைபாதை இல்லாத தெரு எத்தனை? வடிகால் மதிப்பீட்டில் சரிவுக்குப் பணம் ஒதுக்குவீர்களா? பள்ளிக்கூட வாசலில் கார் நிற்பதை எடுப்பீர்களா? எந்த நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை, எந்த நிழற்குடைக்கு முன்னால் பேருந்து நிற்பதில்லை? தேர்தல் தேதி தள்ளிப்போனால் உங்கள் கட்சி வாய் திறக்குமா?

எங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போன ஆண்டு அம்மாவையும் கூட்டிப்போனேன். பதினேழு பேர் வந்திருந்தார்கள். குப்பை, தெருநாய், தண்ணீர் எல்லாம் முடிந்து கடைசியில் அம்மா எழுந்து, பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. நடைபாதை நடுவில் நிற்கும் அந்த மின்பெட்டியைப் பற்றிக் கேட்டார். பொறியாளர் குறித்துக்கொண்டார். பெட்டியை நகர்த்த வேறு துறைக்குப் பணம் கட்டி எழுத வேண்டும், வடிகால் வேலை இந்தத் தெருவுக்கு வரும்போது அதோடு சேர்த்துவிடலாம் என்றார். கவுன்சிலர், சேர்த்தே ஆக வேண்டும் என்று எழுதச் சொன்னார். மறுநாள் நான் அளவு நாடாவோடு போய் அளந்தேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 54 சென்டிமீட்டர். தெரு முனையில் வடிகாலுக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இன்னும் பதினொரு வீடு இருந்தது.